ஐந்து சுற்று இறகு: அயர்லாந்து ஏரி, ட்ரவுட் மீன், ஒரு கை நடுக்கம்

1/
மக்களே, வழக்கமா சர்க்கரை, பிரஷர், தடுப்பூசின்னு எழுதற ஆள் நான். இன்னிக்கு மீன் பிடிக்கறதைப் பத்தி. அயர்லாந்து ஏரிகள்ல "வெட் ஃப்ளை" கட்டி ட்ரவுட் பிடிக்கற கலை. நடுவுல கை நடுக்கம் வரும், தூண்டில் முள் குத்தினா என்ன செய்யணும்னு வரும், ஒரு நகரமே அஞ்சு மாசம் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிச்ச கதையும் வரும். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கிட்டு வாங்க.

2/
நான் தமிழ்நாட்டுல படிச்சுட்டு இப்போ அயர்லாந்தோட மேற்குப் பக்கம் ஒரு மருத்துவமனையில வேலை பார்க்கறேன். இங்க வர்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்ச மீன்பிடிப்பு ஒண்ணே ஒண்ணுதான். மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, தக்கை, மண்புழு. வாய்க்கால் கரையில குத்தவெச்சு உட்கார்ந்து தக்கை எப்போ முங்கும்னு பார்த்துக்கிட்டே இருக்கறது.

3/
இங்க நான் பார்த்த முறையில மண்புழு கிடையாது. தூண்டில் முள்ளுல கோழி இறகு, ரோமம், சரிகை, நூல் எல்லாம் சுத்திப் பூச்சி மாதிரி ஒண்ணு கட்டுவாங்க. அதுதான் "ஃப்ளை". நம்ம வசதிக்கு ஈன்னே வெச்சுக்கலாம். தண்ணி மேல மிதந்தா டிரை ஃப்ளை. மேற்பரப்புக்குச் சில அங்குலம் கீழ நீந்தினா வெட் ஃப்ளை. வாசனை இல்லை, ருசி இல்லை. வாயில வெச்சதும் மீன் துப்பிடும். நமக்குக் கிடைக்கறது அந்த ஒரு நொடிதான்.

4/
மீன்: பிரவுன் ட்ரவுட். உடம்பு வெண்ணெய் நிறம், மேல கறுப்பும் சிவப்புமா புள்ளிகள். அயர்லாந்தோட பூர்வீக மீன். நீலகிரி அவலாஞ்சியில பிரிட்டிஷார் காலத்துலேயே தொடங்கின ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் பத்தி சிலர் கேள்விப்பட்டிருப்பீங்க. அங்க இருக்கறது வட அமெரிக்காவுலேர்ந்து வந்த வானவில் ட்ரவுட். ரெண்டும் உறவுக்காரங்கதான், ஆனா வேற வேற இனம்.

5/
ஏரிகள்: மேற்குல கோரிப், மாஸ்க், கான், காரா. நடுப்பகுதியில ஷீலின், ஓவல், என்னல். இதுல கோரிப் ரொம்பப் பெருசு, சுமார் 176 சதுர கி.மீ. இந்த ஏரிகளோட பலம் அடியில இருக்கற சுண்ணாம்புப் பாறை. சுண்ணாம்புத் தண்ணியில நத்தை, கூனி, பூச்சி எல்லாம் செழிப்பா வளரும். மீனுக்குச் சாப்பாட்டுப் பஞ்சம் இல்லை.

6/
அந்தப் பாறை எப்படிப்பட்டதுன்னு ஒரு கதை. மாஸ்க் ஏரியையும் கோரிப்பையும் படகு போற கால்வாயால இணைக்கலாம்னு 1840களின் கடைசியில, உருளைக்கிழங்குப் பஞ்சக் காலத்துல, காங் என்கிற ஊர்ல தோண்ட ஆரம்பிச்சாங்க. 1854ல கைவிட்டாங்க. காரணம், பாறை முழுக்க ஓட்டை. தண்ணி நிக்காது. இன்னிக்கும் காய்ஞ்ச கால்வாய் அப்படியே இருக்கு. மாஸ்க்கோட தண்ணி மட்டும் பூமிக்கடியில தன் வழியைத் தேடிக்கிட்டு கோரிப்புக்குப் போய்ச் சேருது. மேல என்ன கொட்டினாலும் எங்கேயாவது போய்ச் சேரும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

7/
இந்த ஏரிக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. மார்ச், ஏப்ரல்ல கொசு மாதிரி கடிக்காத சின்னக் கறுப்புப் பூச்சி, பேரு டக்ஃப்ளை. அதுக்கப்புறம் லேக் ஆலிவ். மே நடுவுல மேஃப்ளை. ஜூலை, ஆகஸ்ட் அந்தி நேரத்துல கிரீன் பீட்டர்னு சொல்ற பெரிய நீர்ப்பூச்சி. ஆகஸ்ட், செப்டம்பர்ல கரையிலேர்ந்து காத்துல அடிச்சுட்டு வர்ற நெட்டைக்கால் பூச்சி. எந்த வாரம் எது வருதோ, மீன் கண்ணு அதுல இருக்கும். நம்ம பெட்டியில அதுக்கேத்த ஈ இருக்கணும்.

8/
மேஃப்ளைக்குத் தனியா ஒரு பதிவு. நம்ம ஊர்ல மழைக்கு அப்புறம் விளக்கைச் சுத்தி ஈசல் வரும்ல? அந்த மாதிரி கூட்டம். ஆனா ஈசல் கறையான் இனம். இது ஏரிப் பூச்சி. ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஏரி அடிச் சேத்துல புதைஞ்சு வளரும். ஒரு மே மாசம் மேல வந்து, தோலுரிச்சு, ரெக்கை விரிக்கும். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாயே வேலை செய்யாது. ஜோடி சேரும், முட்டை போடும், ஓரிரு நாள்ல செத்துரும். அந்த ரெண்டு மூணு வாரத்துக்காக மேயோ, கால்வே கிராமங்கள்ல வருஷம் பூரா காத்திருப்பாங்க.

9/
இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர். நாப்பது வருஷம் அடுத்தவங்களைப் படகுல கூட்டிட்டுப் போய் மீன் காட்டினவர். இந்த வேலைக்கு இங்க "கில்லி"ன்னு பேரு. சிரிக்காதீங்க, உண்மையிலேயே அதுதான் பேரு! ஐரிஷ், ஸ்காட்டிஷ் மொழிகள்ல பையன், உதவியாள்னு அர்த்தம். இவர் என் நோயாளி இல்லை. அவரோட சம்மதத்தோடதான் எழுதறேன். பேரு மட்டும் வேண்டாம்னார்.

10/
முறை இதுதான். நீளமான மரப்படகு. காத்தடிக்கற பக்கத்துக்குத் துடுப்புப் போட்டுப் போவோம். அங்க படகைக் காத்துக்குக் குறுக்கால திருப்பி விட்டுட்டா, அது பாட்டுக்கு மெதுவா மிதந்து வரும். ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு கோல், பத்துப் பதினோரு அடி. காத்து போற திசையிலேயே முன்னால வீசணும். ஒவ்வொரு வீச்சும் புதுத் தண்ணி. மீன் எங்க நிக்கும்னு தெரியாத பெரிய ஏரியில இதைவிட நல்ல வழி இல்லை.

11/
வெயில் பளிச்சுன்னு இருந்தா இங்க மீன்காரங்க முகம் வாடிரும். அவங்களுக்கு வேண்டியது மூட்டமான வானம், தென்மேற்குக் காத்து, முழங்கால் உயர அலை. அலை இருந்தாதான் மேற்பரப்பு உடையும். படகும் நரம்பும் மீன் கண்ணுக்குத் தெரியாது. வந்த முதல் வருஷம் இந்த ஊர் மழையைத் திட்டிக்கிட்டே இருந்த நான், இப்போ வானிலை ஆப்பைத் திறந்து மேகம் இருக்கான்னு தேடறேன்.

12/
ஒரு நரம்புல மூணு ஈ. கடைசியில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு. கிளை நரம்பு பிரிக்கறதுக்குப் போடற முடிச்சுல ஒண்ணு "சர்ஜன்ஸ் நாட்". பேரு அறுவை சிகிச்சை அறையிலேர்ந்து வந்தது. மேல இருக்கற ஈக்குத்தான் கிராக்கி. நரம்பை இழுத்துட்டு வந்து, கோலைத் தூக்கும்போது அந்த ஈ அலை முதுகுல கால் பாவி நடக்கற மாதிரி வரும். பெரும்பாலும் அந்த நேரத்துலதான் தண்ணி கிழியும். உள்ளேர்ந்து ஒரு மஞ்சள் மின்னல். அவ்வளவுதான்.

13/
இங்க டாக்டர் கொஞ்சம் குறுக்க வர்றேன். சின்னப் படகு, காத்து, ரெண்டு பேர், ஆறு முள் பறக்குது. முள் கையில ஏறினா என்ன செய்யறது? முள்ளுக்கு எதிர்த் தாடை இருக்கு. அதனால வந்த வழியே சும்மா இழுத்தா சதை கிழியும். மருத்துவமனையில பல வழி உண்டு. அதுல ஒண்ணு 1961ல ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒண்ணுல வந்த "கயிறு முறை": முள்ளோட வளைவுல கயிறு மாட்டி, தண்டைத் தோலோட அழுத்திப் பிடிச்சு, சட்டுனு ஒரே இழு. பழக்கம் உள்ளவங்க செய்யணும். யூடியூப் பார்த்து ஆரம்பிக்காதீங்க. டெட்டனஸ் ஊசி கணக்கைச் சரிபார்த்துக்கங்க.

14/
கண்ணுல குத்தினா கதையே வேற. இழுக்காதீங்க. தேய்க்காதீங்க. தண்ணி ஊத்தாதீங்க. கண்ணை அழுத்தாத மாதிரி ஒரு பேப்பர் கப்பை மேல கவிழ்த்து ஒட்டிட்டு நேரா அவசர சிகிச்சைக்கு. தடுக்கற வழி ரொம்ப மலிவு: ஒரு கண்ணாடி, ஒரு தொப்பி. எதிர்த் தாடையைக் குறடால நசுக்கிட்டா மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

15/
அடுத்தது லைஃப் ஜாக்கெட். இங்க சின்னத் திறந்த படகுல அது சட்டப்படி கட்டாயம். "எனக்கு நீச்சல் தெரியும்"னு சொல்ற நம்மாளுங்களுக்கு: ஏப்ரல் மாச ஐரிஷ் ஏரியில விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சே உங்க கட்டுப்பாட்டுல இருக்காது. குளிர் அதிர்ச்சியில வாயைத் திறந்து இழுத்துருவீங்க, அது தண்ணியா இருக்கும். அடுத்த பத்து நிமிஷத்துல கை கால் சொன்ன பேச்சு கேட்காது. நீச்சல் அப்போ உதவாது. மிதக்க வைக்கறதுதான் உதவும். சரி, ஈக்கு வருவோம்.

16/
எல்லாரும் கேக்கற கேள்வி: "அது நிஜமான பூச்சி மாதிரியே இருக்குமா?" இருக்காது. கையில வெச்சுப் பார்த்தா முள்ளுல சிக்கின பஞ்சு மாதிரி இருக்கும். ஆனா பார்க்கப்போறது நாம இல்லையே. தண்ணிக்குள்ளேர்ந்து மேல பார்க்கற மீனுக்கு, ஒளிவிலகல் காரணமா வெளியுலகம் முழுக்கச் சுமார் 97 டிகிரிக்குள்ள ஒரு வட்ட ஜன்னலாத் தெரியும். அதைச் சுத்தி எல்லாம் கண்ணாடி மாதிரி. அலை வந்தா ஜன்னலும் ஆடும், கண்ணாடியும் ஆடும்.

17/
அந்த ஆட்டத்துல மீனுக்குத் தெரியறது ஒரு உருவம், அதுக்குள்ள ஊடுருவற வெளிச்சம், ஒரு துடிப்பு. துடிப்பை உணர மீனுக்கு உடம்போட ரெண்டு பக்கமும் பக்கக்கோடுன்னு ஒரு உணர்வு உறுப்பு இருக்கு. அதனால இறகும் ரோமமும் அசையணும், வெளிச்சம் ஊடுருவணும். இதை ஆழமா யோசிச்சவர் ஒரு நீதிபதி. கிங்ஸ்மில் மூர், அயர்லாந்து உச்ச நீதிமன்றத்துல இருந்தவர். 1960ல வந்த அவர் புத்தகத்தை இங்க மீன்காரங்க இன்னும் படிக்கறாங்க. அவர் வடிவமைச்ச "கோல்டன் ஆலிவ் பம்பிள்" இல்லாத பெட்டியை நான் பார்த்ததில்லை. தங்கப் பச்சை ரோமம், ரெண்டு நிற இறகு, கழுத்துல நீல ஜே பறவையோட இறகு.

18/
கட்டறது எப்படி? எளிமையான ஒண்ணைச் சொல்றேன், பேரு "பிபியோ". முள்ளை வைஸ்ல மாட்டணும். மெழுகு தடவின நூல்ல கறுப்பு ரோமத்தை விளக்குத் திரி திரிக்கற மாதிரி விரலால திரிக்கணும். (ஒரு காலத்துல சீல் ரோமம், இப்போ பெரும்பாலும் மாற்று.) அதை முள்ளோட தண்டுல சுத்தினா உடம்பு. நடுவுல மட்டும் சிவப்பு, ஒரு பட்டை மாதிரி. கறுப்பு, சிவப்பு, கறுப்பு.

19/
அடுத்தது சேவல் இறகு. தலைப் பக்கம் கட்டி, வால் நோக்கி இடைவெளி விட்டுச் சுத்தணும். ஒரு சுருள். பெரியவர் கணக்குல ஐந்து சுற்று. வால்லேர்ந்து வெள்ளிச் சரிகையை எதிர்த் திசையில சுத்திக்கிட்டே வந்து இறகை அமுக்கிப் பூட்டணும். இந்தச் சுருள்தான் உயிர். இறகோட ஒவ்வொரு இழையும் தண்ணியில தனியா அசையும். இடைவெளி ஒரே சீரா இருந்தா ஈ நேரா நீந்தும். ஒரு பக்கம் நெருங்கிப் போனா சரிஞ்சு நீந்தும்.

20/
இனிதான் விஷயம். மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் பெரியவர் தன்னோட ஈப் பெட்டியை எங்கிட்ட காட்டினார். பழைய தகரப் பெட்டி, வரிசை வரிசையா. இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. இடது பக்கத்து பிபியோ எல்லாத்துலயும் அஞ்சு சுற்று, அளவெடுத்த மாதிரி. வலது பக்கம் வர வர சுருள் கலையுது. ரெண்டு சுற்று ஒட்டிக்கிட்டு, அடுத்தது தள்ளிப் போய், தலையில நூல் மேடு கட்டி. கடைசி வரிசை காலி.

21/
நரம்பியல் பிரிவுல ஒரு எளிய சோதனை உண்டு. நோயாளி கையில பேனா கொடுத்து ஒரு சுருள் வரையச் சொல்வோம், நடுவுலேர்ந்து வெளிய. கோடு எங்க நடுங்குது, எங்க நெருங்குது, எவ்வளவு பெருசா வருதுன்னு பார்த்தாலே பாதிக் கதை தெரிஞ்சுரும். அந்தப் பெட்டியில பத்து வருஷத்துச் சுருள்கள் தேதி வாரியா அடுக்கியிருந்துச்சு.

22/
"எவ்வளவு நாளா கை நடுங்குது?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "உனக்கு யார் சொன்னா?"
"ஈதான் சொல்லுச்சு."
"பார்க்கின்சன்தானே? எனக்குத் தெரியும். எங்கப்பாவுக்கும் கடைசி வரை நடுங்கும்."
டாக்டரைப் பார்த்தீங்களான்னு கேட்டேன். பார்க்கலை. ஆறேழு வருஷம் டீ கோப்பையை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு, ஊர்ல விருந்துன்னா போகாம, "கண்ணு சரியில்லை, ஈ கட்டறதை விட்டுட்டேன்"னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கார்.

23/
இந்தப் பதிவை மட்டுமாவது வீட்டுப் பெரியவங்களுக்கு அனுப்புங்க. எல்லாக் கை நடுக்கமும் பார்க்கின்சன் இல்லை. பார்க்கின்சன்ல பொதுவா கை சும்மா மடியில இருக்கும்போது நடுங்கும். கூடவே உடம்பு மந்தமாகும், விறைப்பாகும், கையெழுத்து வர வரச் சிறுத்துப் போகும். இன்னொரு நடுக்கம் இருக்கு. கோப்பை தூக்கும்போது, எழுதும்போது, ஊசியில நூல் கோக்கும்போது வரும். எழுத்து பெருசாக் கோணலா வரும். பல குடும்பங்கள்ல அப்பா, அம்மாகிட்டேர்ந்து வரும். இதுக்கு எசென்ஷியல் ட்ரெமர்னு பேரு. இதுதான் ரொம்பப் பரவலா இருக்கறது.

24/
தைராய்டு அதிகமானாலும், சில ஆஸ்துமா மருந்தாலயும், வேற சில மாத்திரைகளாலயும் கை நடுங்கும். அதனால நீங்களா முடிவு பண்ணாதீங்க, நான் எழுதறதை வெச்சும் முடிவு பண்ணாதீங்க. நேர்ல காட்டுங்க. "ஒரு கிளாஸ் போட்டா நடுக்கம் குறையுது டாக்டர்"னு சிலர் சொல்வாங்க. எசென்ஷியல் ட்ரெமர்ல அது உண்மைதான். ஆனா அதை மருந்தாக்கிட்டா முடிவு எங்கேன்னு உங்களுக்கே தெரியும்.

25/
பெரியவர் தன் குடும்ப டாக்டர்கிட்ட போனார். அங்கேர்ந்து நரம்பியல் நிபுணர். எசென்ஷியல் ட்ரெமர்னு உறுதியாச்சு. முதல்ல கொடுக்கற மாத்திரை ப்ரோப்ரனலால். இவருக்கு ஆஸ்துமா இருக்கு, அதனால ஆகாது. அடுத்த மாத்திரையில தூக்கம் தூக்கமா வந்துச்சு, வேண்டாம்னுட்டார். நடுக்கம் அப்படியேதான் இருக்கு. ஆனா அவரோட மனைவி எங்கிட்ட சொன்னாங்க: "இப்போ விருந்துக்கு வர்றார். கோப்பை ஆடினா ஆடட்டும்ங்கறார்." பேரு தெரியாம ஏழு வருஷம் சுமந்த பயம் பேரு தெரிஞ்சதும் பாதியாயிடுச்சு.

26/
ஆனா அந்தக் கடைசி வரிசை காலியாவே இருந்துச்சு. கடையில நல்ல ஈ கிடைக்கும், மேயோவுல அதுக்குப் பஞ்சமே இல்லை. இவர் வாங்க மாட்டார். "என் ஏரிக்கு என் ஈ." அப்போதான் நான் வைஸ் முன்னாடி உட்கார்ந்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவர் சமையல்கட்டு மேசை. அவர் பக்கத்துல உட்கார்ந்து சொல்வார், நான் சுத்துவேன். "நூலை இழுக்காதே, நிறுத்தி வை." "ரோமம் பாதி போதும். இன்னும் பாதி." "அஞ்சு. எண்ணு."

27/
கட்டி முடிச்சதும் அவர் கைக்குப் போகும். கடைசி வேலை ஒண்ணு இருக்கு. ஊசியாலயோ, குச்சியில ஒட்டின வெல்க்ரோ துண்டாலயோ உடம்பு ரோமத்தைக் கலைச்சு விடணும், சரிகைக்கு நடுவுலேர்ந்து இழை இழையா வெளிய நீட்டற மாதிரி. அப்போதான் வெளிச்சம் உள்ள போகும். இதுக்கு அளவான கை தேவையில்லை. நடுங்கற கைக்கு இது நல்லா வருது. என் கையால கட்டினது, அவர் கையால முடிஞ்சது. இப்போ கடைசி வரிசையில இருக்கறதெல்லாம் அப்படித்தான்.

28/
அந்த மேசையில இன்னொண்ணும் இருந்துச்சு: அவரோட நோட்டுப் புத்தகங்கள். தேதி, காத்து, எந்த விரிகுடா, எந்தப் பூச்சி, எந்த ஈ, எத்தனை மீன். நாப்பது வருஷம். கையெழுத்து வருஷா வருஷம் ஆட்டம் கூடிக்கிட்டே போகுது. ஆனா நான் கவனிச்சது வேற. சில விரிகுடாக்களோட பேரு ஒரு காலத்துக்கு அப்புறம் வரவே இல்லை. ஏன்னு கேட்டேன். "செடி வந்துருச்சு"ன்னார்.

29/
அந்தச் செடி லகரோசைஃபன். ஆப்பிரிக்காவோட தென்கோடியைச் சேர்ந்தது. மீன்தொட்டிக்கும் தோட்டக் குளத்துக்கும் வித்துக்கிட்டு இருந்தது. 2005ல கோரிப்ல முதல்முறையா கண்டுபிடிச்சாங்க. நம்ம ஆகாயத்தாமரையோட தண்ணிக்கடி வடிவம்னு வெச்சுக்கங்க. ஆழமில்லாத விரிகுடாக்களை அடைச்சுரும். மேஃப்ளைக்கும் மத்த பூச்சிக்கும் தேவையான இடமும் அதுதான். தடுக்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஏரி அடியில சணல் விரிப்பு போட்டாங்க. வெளிச்சம் இல்லாம அந்நியச் செடி சாகும், உள்ளூர்ச் செடி சணல் இழை வழியா முளைச்சு வரும். சணல் தானா மக்கிரும்.

30/
செடியைவிடப் பெரிய நோய் கழிவு. ஷீலின் ஏரி ஒரு காலத்துல ட்ரவுட்டுக்கும் மேஃப்ளைக்கும் பேர் போனது. 1970கள்ல சுத்துவட்டாரப் பன்றிப் பண்ணைக் கழிவு வயல்ல கொட்டி, மழையில வழிஞ்சு ஏரிக்குப் போச்சு. அதுல இருக்கற பாஸ்பரஸ் பாசிக்குச் சாப்பாடு. தண்ணி பச்சையாச்சு, மீன் வளம் சரிஞ்சுது. அதைக் கண்ணால பார்த்தவங்க மீன்காரங்க. எந்த வாரம் எந்தப் பூச்சி வரணும்னு தெரிஞ்சவனுக்குத்தானே அது வரலைன்னும் தெரியும்?

31/
"மீன் போனா போகட்டும், எனக்கென்ன?"ன்னு கேட்டா, 2007. கால்வே நகரத்தோட குடிதண்ணி கோரிப் ஏரியிலேர்ந்து வருது. அந்த வருஷம் மார்ச்சுல தண்ணியில கிரிப்டோஸ்போரிடியம் வந்துச்சு. மனுஷன், மாடு, ஆடு மலத்துலேர்ந்து வர்ற ஒட்டுண்ணி. குளோரினுக்கு அசராது. அப்போ இருந்த பழைய சுத்திகரிப்பு நிலையத்தால தடுக்க முடியலை. 200 பேருக்கு மேல வயித்துப்போக்கு உறுதியாச்சு. ஆகஸ்ட் வரை ஒரு நகரமே தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிச்சுது. எதிர்ப்புசக்தி குறைஞ்சவங்களுக்கு இந்தக் கிருமி உயிருக்கே ஆபத்து. ஏரி உடம்பும் நம்ம உடம்பும் ஒரே குழாயில இருக்கு.

32/
இந்த ஏரியைப் பார்த்துக் குறிப்பெடுத்த டாக்டர்கள் புதுசு இல்லை. வில்லியம் வைல்டுன்னு டப்ளின்ல புகழ்பெற்ற கண், காது அறுவை மருத்துவர். காங் பக்கத்துல கோரிப் கரையில வீடு கட்டினார். ஏரியையும் அதோட தீவுகளையும் பத்தி 1867ல ஒரு புத்தகமே எழுதினார். அவர் மகனைத்தான் உலகத்துக்குத் தெரியும்: ஆஸ்கர் வைல்டு. நல்ல மருத்துவர் எதைப் பார்த்தாலும் குறிப்பெடுப்பார்னு எங்க பேராசிரியர் ஒருத்தர் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெரியவர் மருத்துவம் படிக்கலை, ஆனா அவர் நோட்டு அந்த ஏரியோட கேஸ் ஷீட்.

33/
அதனாலதான் இந்தக் கலை அழிஞ்சுரக் கூடாதுன்னு நினைக்கறேன். ஒரு ஈயைக் கட்டணும்னா எந்தப் பூச்சி, எந்த மாசம், எந்த வெளிச்சம்னு தெரியணும். அது தெரியணும்னா ஏரியை வருஷக்கணக்கா பார்க்கணும். அப்படிப் பார்க்கற கண்கள் குறையக் குறைய, ஏரிக்கு வர்ற நோயை முதல்ல கண்டுபிடிக்கவும் ஆள் இருக்காது. பெரியவர் நோட்டுல இப்போ நான் எழுதறேன், தமிழ்ல இல்லை, அவர் படிக்கணுமே. ஆனா எண்கள் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

34/
வந்து பார்க்க ஆசைப்படறவங்களுக்கு: அயர்லாந்துக் குடியரசுல பிரவுன் ட்ரவுட் பிடிக்க அரசு உரிமம் தேவையில்லை (சால்மனுக்கு வேணும்). ஆனா ஒவ்வொரு ஏரிக்கும் பருவம், மீனோட நீளம், எத்தனை எடுத்துக்கலாம்னு விதி உண்டு, பார்த்துட்டுப் போங்க. வேற தண்ணியில பயன்படுத்தின படகு, வலை, காலணி எல்லாத்தையும் கழுவிக் காய வெச்சுட்டு எடுத்துட்டு வாங்க. செடியும் மட்டியும் அப்படித்தான் ஏரி விட்டு ஏரி தாவுது. முதல் நாள் ஒரு கில்லியோட போங்க.

35/
வர முடியாதவங்களுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு: வீட்டுல யாராவது கோப்பையை ரெண்டு கையால பிடிக்க ஆரம்பிச்சிருக்காங்களா, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வராம ஒதுங்கறாங்களான்னு கவனிங்க. கேளுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரெண்டு: உங்க ஊர் ஏரியிலயோ கண்மாயிலயோ போன வருஷம் இருந்து இந்த வருஷம் இல்லாத பூச்சியோ, பறவையோ, மீனோ எதுன்னு ஒரு பெரியவர்கிட்ட கேட்டு எழுதி வைங்க. தேதியோட.

36/
அவ்வளவுதான். கேள்வி இருந்தா கேளுங்க, ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு பதில் போடறேன். மே மாசத்துக்கு முன்னாடி பெரியவர் பெட்டிக்குப் பன்னிரண்டு ஈ கட்டித் தரணும். மூணு முடிஞ்சுது. ஒன்பது பாக்கி.